மறந்துவிட்டதாகச் சொன்னேன்

மே 3, சனி

இன்று நூலகத்தில் இருந்தவர்கள்: வகுப்பு நடத்தும் எஸ்தர் டீச்சர், நூலகர் வேலாயுதம், சலவைக்கடை பிச்சைக்கண்ணு, அவர் மனைவி சொர்ணம், காது மந்தமான தபால்கார அருளப்பர், பழைய தறி மேஸ்திரி சங்கிலிமாடன், ஆவுடையம்மாளாகிய நான். பிள்ளைகள் ஐந்து பேர்: மாரிச்செல்வி, ஜெனிபா, உமையாள், சேர்மக்கனி, முத்துவடிவு. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். எல்லாப் பெயரையும் எழுதிவிட்டேன். நாளைக்கு யாரும் வந்தேன், வரவில்லை என்று பேச்சை மாற்ற முடியாது.

சனிக்கிழமை தோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. பிள்ளைகள் எங்களுக்குப் போன் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். நாங்கள் பழைய கதைகளைச் சொல்ல வேண்டும், அதை அவர்கள் பதிவு செய்து நூலகத்தில் வைப்பார்களாம். யாருக்கு யார் என்று சீட்டு குலுக்கிப் போட்டார்கள். எனக்கு மாரிச்செல்வி. ஒல்லியான பிள்ளை, பேசும்போது பின்னலை இழுத்துக்கொண்டே பேசுகிறது.

டீச்சர் ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்து, “தினமும் எழுதுங்க, கை பழகும். யாரும் எடுத்துப் படிக்க மாட்டோம்” என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பேப்பர் படிப்பேன், கடிதம் எழுதுவேன். சொர்ணம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். 1994-இல் என் உருளியை வாங்கிப்போய் விளிம்பு நெளிந்து திருப்பித் தந்தவள். நான் சிரிக்கவில்லை.

மே 10, சனி

பரீட்சை முடிவு வந்துவிட்டது. மாரிச்செல்வி அறுநூற்றுக்கு ஐந்நூற்று முப்பத்தொன்று. டீச்சர் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார்.

எழுபத்தெட்டாம் வருடம் எங்கள் தறிக்கூடத்தில் எந்தத் தறியில் யார் இருந்தார்கள் என்று வாசலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். இருபத்திரண்டு தறி, இருபத்திரண்டு பெயர். சங்கிலிமாடன் மேஸ்திரியே இரண்டு இடத்தில் தடுமாறினார், நான் திருத்தினேன். பிள்ளை வாயைப் பிளந்தது.

“ஆச்சி, உங்களுக்கு மறதியே கிடையாதா?”

“மறக்குறதுக்கு எனக்கு நேரம் இருந்ததில்லட்டி” என்றேன்.

பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். அப்பா முருகையா, லாரி ஓட்டுகிறாராம். ராஜபாளையத்தில் இருந்து இரண்டு வருடம் முன்பு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்துவிட்டார்களாம். “எங்க ஆச்சி பேரு உலகம்மாள். தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது என்று சொன்னேன்.

உலகம்மாள் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி மனைவி. 1981 ஐப்பசியில் அவளுடைய நாத்தனார் பட்டம்மாளுக்கு வளைகாப்பு. என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஏழு மாதம். எனக்கு இருபத்தேழு வயது. போகக்கூடாது என்று எனக்கே தெரியும், ஆனால் பட்டு என்னோடு ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவள், அவளே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். பச்சைக் கண்ணாடி வளையல் அரை டஜன் வாங்கிப் போனேன். பட்டுவுக்குப் போட்டுவிடக் கையை நீட்டினேன். உலகம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, “நீங்க உள்ள போய்ச் சோத்த வடிங்க மதினி” என்றாள். அங்கே இருந்த பதினான்கு பெண்களின் பெயரும் எனக்குத் தெரியும். பட்டு தலையைக் குனிந்துகொண்டாள். நான் உள்ளே போய்ச் சோற்றை வடித்தேன்.

பிள்ளை என்ன செய்யும். அது அப்போது பிறக்கவே இல்லை.

மே 13, செவ்வாய்

மருமகள் தங்கம் வத்தல் போட்டாள். நான் காக்கை விரட்டினேன். வேறு ஒன்றுமில்லை.

மே 17, சனி

இன்று போனில் வரும் செய்திகளைப் படிக்கப் பழகினோம். மாரிச்செல்வி சொன்னது: எழுத்து தடித்து இருந்தால் நாம் இன்னும் திறக்கவில்லை, திறந்து பார்த்துவிட்டால் மெலிந்துவிடும்.

“எனக்குக் கட்டிவச்சது நேர்மாறு” என்றார் பிச்சைக்கண்ணு. சொர்ணம் அவர் தொடையில் ஒன்று வைத்தாள். அருளப்பருக்கு எல்லாவற்றையும் இரண்டாம் முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்குத்தான் சீக்கிரம் வந்தது. டீச்சரே சொன்னார்.

முடிந்த பிறகு குழாயடியில் பிள்ளை என்னைத் தனியாக நிறுத்தியது. அம்மாவின் தம்பிக்கு அதைக் கொடுக்கப் பேச்சு நடக்கிறதாம். ஆடியில் பதினெட்டு முடிகிறது, ஆவணியில் கல்யாணம் வைத்துவிடலாம் என்று அப்பாவும் ஆச்சியும் சொல்கிறார்களாம். மதுரையில் விடுதியோடு ஒரு கல்லூரிக்கு டீச்சர் மூலமாக விண்ணப்பம் போடப் போகிறதாம், வீட்டுக்குத் தெரியாமல்.

“வீட்டுல அப்பா போன் ஒண்ணுதான் ஆச்சி. அதுல காலேஜ்ல இருந்து மெசேஜ் வந்தா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிரும். டீச்சர் நம்பர் கொடுத்தா அவங்கதான் தூண்டிவிட்டாங்கன்னு அப்பா சண்டைக்குப் போவாரு. உங்க நம்பரக் கொடுக்கட்டுமா?”

“இடம் கெடச்சா மட்டும் ஒங்கப்பன் விட்டுருவானா?”

“கையில சீட்டு இருந்தா டீச்சர் வந்து பேசுதேன்னாங்க. அப்பாவுக்கு டீச்சர் மேல மரியாத உண்டு. ஆனா சீட்டு இல்லாமப் பேச்செடுத்தா, கெடைக்கவும் விட மாட்டாரு.” பின்னலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தது. “மெசேஜ் வந்தா நீங்க டீச்சருக்கு ஒரு போன் போட்டாப் போதும். வேற யாரும் ஞாபகமா இருக்க மாட்டாங்க ஆச்சி.”

கொடுத்துக்கொள் என்றேன்.

மே 24, சனி

கல்லூரியின் பெயர் எப்படி வரும் என்று தாளில் எழுதிக் காட்டியது. படித்துக் காட்டினேன். நாளும் நேரமும் எங்கே இருக்கும் என்றும் காட்டியது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காய்கறிச் சந்தையில் உலகம்மாளைப் பார்த்தேன். முதலில் அவள்தான் கூப்பிட்டாள். உடம்பு கனத்துப்போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மதினி, என் பேத்தி ஒங்ககிட்டதான் படிக்காளாமே” என்று சிரித்தாள். படிக்கவில்லை, எனக்குத்தான் அவள் சொல்லித்தருகிறாள் என்றேன். அதற்கும் சிரித்தாள்.

பிறகு சொன்னாள்: “அவளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க கண்டிப்பா வரணும். காலையில வேண்டாம், சடங்கு சம்பிரதாயம்னு கூட்டமா இருக்கும். சாயந்தரம் சாப்பாட்டுக்கு வந்திருங்க.”

நாற்பத்து நான்கு வருடம். அவள் குரல்கூட மாறவில்லை.

கத்தரிக்காய் வாங்கப் போனவள் வாங்காமல் வந்துவிட்டேன். மருமகள் கேட்டாள். நன்றாயில்லை என்றேன்.

ஜூன் 2, திங்கள்

பதினொன்று இருபதுக்குப் போன் டிங் என்றது. ஏதோ கம்பெனிக்காரன்.

இட்லிக்கு அரைத்தேன். உளுந்து கொஞ்சம் கூடிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

அலமாரியைத் துடைத்தேன். பழைய பித்தளைச் செம்புகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். கேட்க ஆள் இல்லாத வேலை எல்லாம் செய்தேன். மருமகள், “இன்னைக்கு என்னத்த, வீட்டையே புரட்டுதீங்க” என்றாள்.

ஜூன் 4, புதன்

கண்ணாடி சரியில்லை. பொடி எழுத்து ஒன்றும் தெரிவதில்லை.

ஜூன் 5, வியாழன்

எஸ்தர் டீச்சர் வீட்டுத் தெருமுனை வரை போனேன். வாசலில் அவருடைய வண்டி நின்றது. கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

உலகம்மாள் பேத்தி இல்லை அது, மாரிச்செல்வி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். உலகம்மாள் பேத்திதான் என்று இன்னொன்றும் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

பத்து மணி. பதினொன்று. பன்னிரண்டு. சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் 7, சனி

நூலகத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை ஓடிவந்தது. “ஆச்சி, ஒண்ணும் வரலையா?” போனைக் கொடுத்துவிட்டேன். விரல் ஒரு இடத்தில் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்து வாசித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும். எனக்குத் தெரிந்ததுதான்.

“ஆவுடையம்மா, இது திங்கக்கிழமையே வந்திருக்கே?”

எல்லாரும் பார்த்தார்கள். சொர்ணம் கடலை உரிப்பதை நிறுத்தினாள். அப்போது நான் சொன்னது இது: “மறந்துட்டேம்மா.”

உடனே எல்லார் முகமும் இளகிப்போனது. பிச்சைக்கண்ணு, “பாவம், எழுபத்தொண்ணாச்சுல்லா” என்றார். சொர்ணம் எழுந்து வந்து என் தோளைத் தடவி, “எனக்கு நேத்து அடுப்பு அணைச்சேனான்னே தெரியல மதினி, நீங்க வேற” என்றாள். மேஸ்திரி, இருபத்திரண்டு தறியும் சொல்லி நான் திருத்திய அந்த மேஸ்திரி, தலையை ஆட்டிக்கொண்டார். அருளப்பர் என்ன என்று கேட்டார். “ஆவுடையம்மா மறந்துட்டாங்களாம்” என்று அவருக்காக ஒருமுறை கத்திச் சொன்னார்கள்.

மாரிச்செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தது. “பரவால்ல ஆச்சி. மறக்கத்தான செய்யும்.”

டீச்சர் வெளியே போய்க் கல்லூரிக்குப் பேசினார். அந்த இடம் போய்விட்டது. ஆனால் காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது, பதினாறாம் தேதி திங்கள் காலையில் அப்பாவோ அம்மாவோ கூட வந்து கையெழுத்துப் போட்டால் கிடைக்கலாம் என்றார்களாம். “ஒம்பது நாள் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஒங்கப்பா லோடு எறக்கிட்டு வந்ததும் நான் வந்து பக்குவமாப் பேசுதேன். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது” என்றார். யாரும் விட மாட்டோம் என்று எல்லாரும் தலையாட்டினோம்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வரும்போது முத்துவடிவு என் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டது. எனக்குப் படி இறங்கத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று உலகம்மாள் வீட்டுக்குப் போனதற்கு என்ன காரணம் என்று எழுதிப் பார்க்கிறேன். பொய் மனதை அறுத்தது, அதனால் போனேன் என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

காலையில் மருமகள் மாத்திரையை என் கையில் வைத்துவிட்டு, நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தாள். ஒருநாளும் பார்த்ததில்லை. சொர்ணம் சொல்லியிருக்கிறாள். “நேத்து நூலகத்துல என்னமோ மறந்துட்டீங்களாமே அத்த” என்றாள். அவ்வளவுதான். சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உலகம்மாள் வீட்டில் இருந்தவர்கள்: உலகம்மாள், மருமகள் வேலம்மாள், உள்ளே மாரிச்செல்வி. முருகையாவும் இருந்தான். லோடு தள்ளிப்போய்விட்டதாம். அவன் வெளியூரில் இருப்பான் என்றுதான் போனேன் என்று எழுத நினைத்தேன். இல்லை. வாசலில் அவன் செருப்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

“வாங்க மதினி, ஒக்காருங்க” என்றாள் உலகம்மாள்.

உட்காரவில்லை. “ஒங்க பேத்திக்கு மதுரைக் காலேஜ்ல இருந்து வந்த செய்தி என் போன்லதான் வந்தது. திங்கக்கிழமை பதினொண்ணு இருவதுக்கு. நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் சொல்லாம வச்சிருந்தேன். மறக்கல. எண்பத்தொண்ணு ஐப்பசில என் கையப் பிடிச்சீங்களே, அதுக்கு. சந்தையில சாயந்தரம் வாங்கன்னீங்களே, அதுக்கு. எனக்கு எதுவும் மறக்காது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

எத்தனை வருடம் மனதுக்குள் பேசிப் பார்த்த பேச்சு. ஒரு சொல் தடுக்காமல் வந்தது.

முருகையா சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை எடுத்தான். “எந்தக் காலேஜ்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்வாசலில் மாரிச்செல்வி தண்ணீர்ச் செம்போடு நின்றது. அழவில்லை. என்னைத்தான் பார்த்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். கணக்குப் போட்டு விடை தப்பாக வந்த பிள்ளை தாளைப் பார்ப்பது போல் பார்த்தது.

“யாருட்டி ஒனக்கு அப்ளிகேசன் போட்டுக் கொடுத்தது?” என்றான் அப்பன். வேலம்மாள் மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

உலகம்மாள் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், நின்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “பழசெல்லாம் இன்னுமா மதினி வச்சிருக்கீங்க. நான் என்னைக்கோ மறந்துட்டேன். நீங்க செஞ்சது எங்க குடும்பத்துக்கு நல்ல காரியம். இந்தக் கழுத மதுரைக்குப் போயிருந்தா எங்க மானம் போயிருக்கும். எந்தச் சாமி ஒங்க வாயக் கட்டிப்போட்டுச்சோ.”

நன்றி சொன்னாள். உலகம்மாள் எனக்கு நன்றி சொன்னாள்.

ஜூன் 9, திங்கள்

ஆவணி வரை விடக்கூடாது, ஆனி பத்தாம் தேதியே நிச்சயதார்த்தம் என்று முருகையா முடிவு செய்துவிட்டானாம். தங்கம் பால் வாங்கப் போன இடத்தில் கேட்டுவந்து சொன்னாள்.

ஜூன் 11, புதன்

எழுத ஒன்றுமில்லை. பருப்பு கருகிவிட்டது. என் கவனக்குறைவுதான், மறதி இல்லை.

ஜூன் 14, சனி

மாரிச்செல்வி வரவில்லை. நேற்று டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். முருகையா உள்ளே கூப்பிடவில்லை. “பிள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் கொடுங்கன்னுதான் அனுப்புனேன், அப்பனுக்குத் தெரியாமப் பொய் சொல்லப் பழக்குங்கன்னு இல்ல” என்று வாசலிலேயே வைத்துச் சொன்னானாம். வேலம்மாள் மட்டும் பின்பக்கமாக வந்து டீச்சர் கையைப் பிடித்து அழுதாளாம். மதுரைக்கு வந்து கையெழுத்துப் போட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் டீச்சரிடம் சொன்னேன். திங்கள், புதன், வியாழன் என்று நடந்தது நடந்தபடி. டீச்சர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றார்.

“ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஊருக்கே தெரியுமே.”

“அதுக்கு முன்னாடியே. சனிக்கிழமையே மாரிச்செல்வி சொன்னா. எழுத்து மெலிஞ்சிருக்கு டீச்சர், ஆச்சி தொறந்து படிச்சிருக்காங்க, சொல்ல மனசில்ல போல, யார்கிட்டயும் கேக்காதீங்க, எல்லாரு முன்னாடியும் அவங்களுக்கு அவமானமாப் போயிரும்னா.”

டீச்சர் அடுக்கிய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பரவாயில்லை ஆச்சி, மறக்கத்தானே செய்யும் என்று அது சொன்னது எனக்கு மறைப்புக் கொடுக்க. பதினேழு வயதுப் பிள்ளை, தன் இடம் போனது தெரிந்த அதே நிமிடத்தில், என் மானத்துக்குத் திரை பிடித்தது. நான் அந்தத் திரை வேண்டாம் என்று கிழித்துக்கொண்டு அதன் வீட்டுக்கே போய், அது மறைத்து வைத்ததை எல்லாம் அப்பன் முன்னால் கொட்டினேன். உண்மை சொன்னேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். மெசேஜை மறைத்தது ஒரு பாவம். அதைச் சொல்லப் போனது அதைவிடப் பெரியது. முதல் பாவத்துக்குப் பிறகும் பிள்ளைக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

டீச்சர் அடுத்த வாரம் எனக்கு வேறு பிள்ளையைத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

மதுரைக்கு ஆறரை மணிக்கு ஒரு பஸ். ஏழேகாலுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் பத்து மணிக்குப் போய்ச்சேர முடியாது.

ஐந்தரைக்கே உலகம்மாள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். டீச்சரும் வந்தார், வண்டியில் பிள்ளையின் சான்றிதழ் நகல்களோடு. முருகையா வெளியே வந்தான். அவன் காலில் விழப் போனேன், தள்ளிப்போனான். வயதில் பெரியவள் காலில் விழுந்தால் ஆகாது என்றான்.

“தப்பு நான் பண்ணுனது முருகையா. எனக்கும் ஒங்கம்மாவுக்கும் உள்ள வழக்கு. பிள்ளை அதுல எங்கயும் இல்ல. ஒரு கையெழுத்து போடுய்யா.”

“நீங்க அன்னைக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா, டீச்சர் வந்து பேசியிருந்தா, ஒருவேள போட்டிருப்பேன் பெரியம்ம” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இப்ப ஊரு பூராவும் எம்மவ என்னய ஏமாத்துனதப் பேசுது. இனிமே நான் போட்டா, ஏமாத்துனதுக்குப் பரிசு கொடுத்த மாதிரில்லா ஆகும்.”

லாரிக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

ஆறரை பஸ் போனது. தெருவிலிருந்தே ஹாரன் கேட்டது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைக்குப் பதினெட்டு முடியட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு முன்னால் ஆனி பத்து இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

ஏழேகால் பஸ்ஸும் போனது. டீச்சர் போய்விட்டார். நான் எதிர்வீட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. பத்து மணி வரைக்கும் இருந்தேன். அங்கே பெயர் கூப்பிடும் நேரம்.

பத்து மணிக்கு மாரிச்செல்வி வெளியே வந்தது. கையில் ஒரு சில்வர் டம்ளர், மோர். “வெயில் ஏறிட்டு ஆச்சி. தலை சுத்தும். குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க.”

“ஏசுட்டி என்ன” என்றேன். “நாலு வார்த்த ஏசிட்டுப் போ.”

அது டம்ளரை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டது. “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஆச்சி போட்டாங்க” என்றது. உள்ளே போய்விட்டது.

குடித்தேன். உலகம்மாள் உப்புப் போட்ட மோரை நாற்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகு குடித்தேன். அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வெறுக்கலாம் என்று தேடிப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினாள், நான் போய்ச் சோறு வடித்தேன், மறுநாள் தறிக்குப் போனேன், உழைத்தேன், பிள்ளையை வளர்த்தேன். அவள் என்னிடமிருந்து எடுத்தது ஒரு காலைப்பொழுது. அவளை விட்டுவிட்டேன். சொர்ணத்தையும் விட்டுவிட்டேன். தலை குனிந்த பட்டுவை, அந்தப் பதினான்கு பேரை, முருகையாவை, ஒவ்வொரு பெயராக நினைத்து விட்டுவிட்டேன். இத்தனை பேரை விட்ட பிறகும் உள்ளே ஒருத்தி நகராமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் திங்கட்கிழமை பதினொன்று இருபதும் தெரியும், வாசலில் கிடந்த செருப்பும் தெரியும், ஒன்றையும் மறக்க மாட்டாள். அவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். ஆவுடையம்மாள்.